ஆசிரியர் கொள்ளும் ஐயம்

பிறர்மீது ஐயம் கொள்ளுதல் நற்பண்பன்று என்றே இளமை முதல் நமக்குக் கற்பிக்கப்பட்டு வந்துள்ளது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் வீட்டுப் பெரியோர் வாக்கு. குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை எவரையும் குற்றவாளியெனக் கொள்ளலாகாது என்பது நாட்டின் நீதிமுறை. இவ்விரண்டும் போற்றத்தக்கனவே. ஆயினும் இவ்விரண்டையும் பற்றி நின்றுகொண்டே ஒருவர் பெருந்தவறு இழைத்துவிட முடியும் என்பதை நாம் நாற்பது வயதைக் கடந்த பின்னரே உணர்ந்தோம். அவ்வாறு உணர்த்திய நிகழ்ச்சியை முன்வைத்து ஒரு வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தம்மிடம் பயிலும் குழந்தைக்கு எவராலோ தீங்கு நேர்கின்றதோ என்று ஓர் ஆசிரியர் ஐயுறுகின்றார். அவர் கண்ணால் ஒன்றும் கண்டாரில்லை. கையில் சான்றில்லை. உறுதி ஏற்படும்வரை பொறுத்திருத்தல் அவருக்கு அறமா? அன்றி, ஐயத்தை ஐயமாகவே உரியவரிடம் தெரிவித்தல் அறமா? இதுவே வினா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு

மைய அரசின் அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றும் நாம், மாற்றலாகிச் சென்ற ஊர்களிலெல்லாம் ஞாயிறுதோறும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் பணியையும் விரும்பி மேற்கொண்டு வந்துள்ளோம். ஊதியமில்லாப் பணி. குடியிருப்பில் ஒரு கூடம், நான்கு பாய்கள், ஒரு கரும்பலகை, பத்துப் பதினைந்து குழந்தைகள், அவ்வளவே. வடபுலத்து நகரொன்றில் இவ்வாறு நாம் நடத்திவந்த வகுப்பில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி பயின்றாள். அவள் யாரென எவரும் அறிந்துவிடலாகாது என்பதனால் ஊரையும் ஆண்டையும் கூறாது விடுக்கின்றோம். சில விவரங்களை மாற்றியுமுள்ளோம்.

வகுப்பு முடிந்ததும் ஏனைய பிள்ளைகள் விடுபட்ட கன்றுகளைப்போல் ஓடிவிடுவர். இவள் மட்டும் போகமாட்டாள். "சார், இன்னும் ஒரு பாடம் எழுதட்டுமா?" என்று கேட்பாள். பாய்களைச் சுருட்டுவாள். சுருட்டிய பாயை மீண்டும் விரித்துச் சரியாகச் சுருட்டுவாள். முன்பெல்லாம் உரக்கப் பாடியவள் இப்போது வாய் திறப்பதில்லை என்பதையும் நாம் கவனித்தோம். கவனித்து என்ன செய்தோம்? அயலூரில் பிறந்து வளரும் குழந்தைக்கு இத்தகைய தமிழார்வமா என்று வியந்தோம். ஆண்டு விழாவில் அவளை மேடைக்கு அழைத்து, வகுப்பைவிட்டுப் போக மனமில்லாத மாணவி என்று பாராட்டி, எவர்சில்வர் தம்ளர் ஒன்றும் பரிசளித்தோம்.

அவளை வீட்டுக்கு அழைத்துச் செல்ல எங்கள் குடியிருப்பின் பெரியவர் ஒருவர் ஸ்கூட்டரில் வருவார். புதிதாய் வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு வீடு பிடித்துத் தருபவர்; பள்ளியில் இடம் வாங்கித் தருபவர்; கோயில் திருப்பணிக்கு முதலில் பணம் தருபவர். அவள் தயங்கி நிற்கும்போதெல்லாம் புத்தகப் பையை எடுத்துக் கொடுத்து, "மாமா காத்திருக்கிறார், போ அம்மா" என்று வண்டியில் ஏற்றி அனுப்பியவர்கள் நாமே.

நாம் ஓராண்டு கண்டும் காணாததை, அவள் பகலில் பயின்ற பள்ளியின் ஆசிரியை சில நாட்களிலேயே கண்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. குழந்தை டிபன் டப்பாவைத் திறவாமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு போவதையும், பள்ளி விடும் நேரம் நெருங்க நெருங்க அவள் முகம் மாறுவதையும், சனிக்கிழமை வந்தால் அழுவதையும் அவர் பார்த்தார். அருகில் அமர்த்தி இரண்டு சொல் கேட்டார். குழந்தை அரைகுறையாய் ஏதோ கூறியது. அன்று மாலையே அவர் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தெரிவித்துவிட்டார்.

குடியிருப்பே கொதித்தது. பெரியவரின் பெயரைக் கெடுக்க முனைந்த அவ்வாசிரியைமீது பள்ளி நிர்வாகத்துக்குக் கண்டன மனு அனுப்பவேண்டும் என்று நம்மவர் கூடி முடிவு செய்தனர். மனு எழுதுவதில் வல்லவர் எனப் பெயர் பெற்றிருந்தமையால் அப்பொறுப்பு நம்மிடம் வந்தது. நாமும் எழுதினோம். நல்ல ஆங்கிலத்தில், பத்திக்கு எண்ணிட்டு, 'ஆதாரமற்ற ஐயத்தின் பேரில்' என்று தொடங்கி எழுதினோம்.

மனுவை எடுத்துக்கொண்டு பள்ளிக்குச் சென்றபோது அவ்வாசிரியையை வாயிலில் கண்டோம். வந்த காரியத்தைக் கூறினோம். அவர் சினந்தாரில்லை. இந்தியில் அமைதியாகச் சொன்னார்: "அவர் செய்தார் என்று நான் எங்கும் சொல்லவில்லை. குழந்தை அஞ்சுகிறாள் என்று சொன்னேன். எதற்கு அஞ்சுகிறாள் என்று கண்டுபிடிக்க அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். நீங்களும் அவளுக்குப் பாடம் சொல்லித் தருகிறீர்களாமே, அவள் அஞ்சியதை நீங்கள் பார்க்கவில்லையா?"

அந்த வினாவுக்கு நம்மிடம் விடையில்லை. "இன்னும் ஒரு பாடம் எழுதட்டுமா?" என்னும் குரல் அப்போதுதான் நமக்கு முதன்முறையாகக் கேட்டது. மனுவைக் கொடுக்காமல் திரும்பினோம். ஆயின் திரும்பி வந்து நம்மவர் கூட்டத்தில் எழுந்து நின்று உண்மையைச் சொன்னோமா என்றால், இல்லை. அலுவலக வேலையால் கொடுக்க இயலவில்லை என்று மட்டுமே சொன்னோம். இதனையும் மறைக்காமல் எழுதுவதே முறை.

வழக்கு நெடுநாள் நடந்தது, குற்றம் மெய்ப்பட்டது. குடும்பம் வேறு ஊருக்குச் சென்றுவிட்டது. ஒன்றை மட்டும் இங்கே அழுத்திக் கூற விரும்புகின்றோம். ஆராய்ந்த பின்னர் அப்பெரியவர் குற்றமற்றவர் என்று தெளிவாகியிருப்பினும், ஆசிரியை செய்தது சரியே. குழந்தை அஞ்சியது மெய். அவ்வச்சத்தை ஆராய வல்லாரிடம் கொண்டு சேர்த்தமையே அவர் செய்த செயல். அது சரியா தவறா என்பதை வழக்கின் முடிவைக்கொண்டு அளக்கலாகாது.

குருவின் இடம்

மாதா, பிதா, குரு, தெய்வம் என்று வரிசைப்படுத்திச் சொல்கின்றோம். இவ்வரிசை மதிப்பின் வரிசை என்றே பலரும் கொள்வர். குழந்தையின் பாதுகாப்பு என்னும் நோக்கில் பார்த்தால் இது பொறுப்பின் வரிசையுமாகும். தாய் காக்கவேண்டும், தந்தை காக்கவேண்டும். அவ்விருவரும் அறியாதிருப்பின், அல்லது அறிந்தும் இயலாதிருப்பின், அல்லது தீங்கே வீட்டுக்குள்ளிருந்து வருமாயின், தெய்வத்திடம் விட்டுவிடுவதற்கு முன் இடையில் நிற்பவர் ஒருவர் உண்டு. அவரே ஆசிரியர்.

இது வெறும் புகழுரையன்று. நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் குழந்தையைக் காண்பவர், வீட்டாருக்கு வெளியே ஆசிரியர் ஒருவரே. அதே வயதுடைய நாற்பது குழந்தைகளோடு சேர்த்துக் காண்பவரும் அவரே. ஆகவே ஒரு குழந்தையிடம் தோன்றும் மாற்றம் பெற்றோர் கண்ணுக்குப் பிடிவாதமாகப் படும். ஆசிரியர் கண்ணுக்கோ அது மாற்றமாகவே தெரியும். நன்கு படித்த பிள்ளை திடீரெனப் பின்தங்குதல், கூடி விளையாடிய பிள்ளை ஒதுங்குதல், ஒரு குறிப்பிட்ட மனிதரையோ இடத்தையோ கண்டு நடுங்குதல், வீடு திரும்ப மறுத்தல், காரணம் சொல்லக் கூசும் காயங்கள் ஆகிய இவற்றுள் எதுவும் தனித்து நின்று ஒரு குற்றத்தை மெய்ப்பிக்காது. ஆனால் இவற்றுள் எதுவும் புறக்கணிக்கத்தக்கதும் அன்று.

மைய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ஆம் ஆண்டு ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்து எழுதப்பட்டது அது. அக்குழந்தைகளுள் 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகையில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகக் கூறினர். துன்புறுத்தியோரில் பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள், அல்லது குழந்தையின் நம்பிக்கைக்கு உரியவர்கள். பெரும்பாலான குழந்தைகள் இதனை எவரிடமும் சொன்னதில்லை என்பதும் அவ்வறிக்கையிலேயே உள்ளது. இவ்வுண்மைகளைச் சேர்த்து நோக்கின் நமது வினாவுக்குப் பாதி விடை கிடைத்துவிடுகின்றது. குழந்தை தானாக வந்து தெளிவாகச் சொல்லட்டும் என்று காத்திருப்பவர், பெரும்பாலும் நடவாத ஒன்றுக்காகவே காத்திருக்கின்றார்.

சட்டம் கூறுவது

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், சுருக்கமாகப் போக்சோ எனப்படுவது, 2012 நவம்பர் 14 அன்று, குழந்தைகள் நாளிலேயே, நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு வயது நிரம்பாத அனைவரையும் அது குழந்தைகள் என்றே கொள்கின்றது. அதன் 19-ஆம் பிரிவு, குற்றம் நடந்ததென்று அறிந்தவர் மட்டுமன்றி, நடக்கக்கூடும் என அஞ்சுபவரும் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவிக்கவேண்டும் என்கின்றது. இக்கடமை ஆசிரியருக்கு மட்டும் உரியதன்று, எவருக்கும் உரியது. தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கின்றது 21-ஆம் பிரிவு. நிறுவனமொன்றின் பொறுப்பிலிருப்பவர் தமக்குக் கீழ்ப் பணிபுரிபவரின் குற்றத்தை மறைப்பின், சிறை ஓராண்டு வரை நீளும். பள்ளி நிர்வாகத்தினரோ ஊழியரோ குற்றம் இழைப்பின் அதனைக் கடுமையான குற்றமாகவே சட்டம் கருதுகின்றது.

தெரிவிப்பவருக்கும் இச்சட்டத்தில் காப்பு உண்டு. நல்லெண்ணத்துடன் தகவல் தந்தவர்மீது உரிமையியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ தொடர முடியாது. கெடுநோக்குடன் பொய்ப்புகார் தருவோருக்கே தண்டனை. ஐயம் பின்னர் தவறென்று தெரிந்தாலும், நேர்மையாக ஐயுற்றவர் குற்றவாளி ஆகமாட்டார்.

குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பெறவேண்டும். இயன்றவரை பெண் காவல் அதிகாரியே பெறவேண்டும். அவர் சீருடையில் வரலாகாது. இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கலாகாது. பெயரும் படமும் வெளிவரலாகாது. காவல்துறையினர் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் அறிவிக்கவேண்டும். குழந்தைக்குத் துணையாளர் ஒருவரை அமர்த்தவும் 2020-ஆம் ஆண்டு விதிகள் வகை செய்கின்றன. காவல் நிலையம் என்றதும் நம்மவர் மனத்தில் எழும் அச்சத்தை இவ்விதிகள் ஓரளவேனும் தணிக்கும் என்பதனால் இங்கே விரித்துரைத்தோம்.

அறிந்தும் வாளாவிருத்தலை நீதிமன்றம் எவ்வாறு நோக்குகின்றது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மராட்டிய மாநிலம் சந்திரப்பூர் மாவட்டத்துப் பள்ளி விடுதி ஒன்றில் சிறுமியர் துன்புறுத்தப்பட்டதைத் தெரிவிக்கவில்லை என மருத்துவர் ஒருவர்மீது தொடரப்பட்ட வழக்கை உயர்நீதிமன்றம் நீக்கிவிட்டது. உச்ச நீதிமன்றமோ 2022 நவம்பரில் அவ்வழக்கை மீண்டும் உயிர்ப்பித்தது. அறிந்தும் தெரிவியாமை கடுங்குற்றம் என்றும், பெரும்பாலும் அது குற்றவாளியைக் காக்கும் முயற்சியே என்றும் அது எடுத்துரைத்தது.

ஐயமும் தீர்ப்பும்

சட்டம் கூறிவிட்டது என்பதற்காக மட்டும் ஒரு செயல் அறமாகிவிடாது. மனம் ஒப்பவேண்டும். மனம் ஒப்பாமைக்குக் கூறப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

'உறுதியாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது?' என்பது முதற்காரணம். இதற்கு விடை நமது மேசைமீதே கிடந்திருக்கின்றது. அலுவலகத்தின் தபால் பிரிவில் நாம் ஐந்தாண்டுகள் பணிபுரிந்தோம். நாள்தோறும் மனுக்கள் வரும். அவற்றுள் மெய்யும் இருக்கும், பொய்யும் இருக்கும். தபால் எழுத்தர் அதனை ஆராய்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் டயரி எண்ணிட்டு, தேதி முத்திரையிட்டு, உரிய பிரிவுக்கு அனுப்புவதே அவர் கடமை. 'இந்த ஆள் எப்போதும் புகார் எழுதுபவன்' என்றெண்ணி ஒரு மனுவை மேசையறைக்குள் போட்டுப் பூட்டுகின்ற எழுத்தர் நடுநிலைமை காத்தவரா? அல்லர். அதிகாரி அளிக்கவேண்டிய தீர்ப்பைத் தாமே அளித்துவிட்டவர். மனுவை அனுப்பியவர் தீர்ப்பு ஏதும் கூறவில்லை. பூட்டி வைத்தவரே கூறினார்.

குழந்தையின் அச்சமும் ஒரு மனுவே. எழுத்தில்லாத மனு. அதனைத் தம்முள் வைத்துப் பூட்டும் ஆசிரியர், 'ஒன்றும் நடக்கவில்லை' என்ற தீர்ப்பைக் குழந்தைக்கு எதிராக எழுதிவிடுகின்றார். குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை எவரும் குற்றவாளியல்லர் என்னும் நெறி தீர்ப்பளிப்போருக்கு உரியது. அதனைத் தெரிவிப்போர் கையிலெடுத்துக்கொண்டால் மெய்ப்பிக்கும் சுமை ஒன்பது வயதுக் குழந்தையின் தோளில் ஏறிவிடும்.

திருவாரூரில் மனுநீதிச் சோழன் கட்டிவைத்த ஆராய்ச்சி மணியை நாமனைவரும் அறிவோம். கன்றை இழந்த பசு தன் கொம்பால் அம்மணியை அசைத்தது. மணியோசை கேட்டதும் மன்னன் அரசகுமாரனைத் தண்டித்துவிடவில்லை. வெளியே வந்தான், என்ன நேர்ந்ததென்று கேட்டறிந்தான், அதன் பின்னரே நீதி வழங்கினான். மணியடித்தல் வேறு, தீர்ப்பு வேறு. பசுவுக்குக் கொம்பிருந்தது, கயிறும் எட்டியது. நம் குழந்தைகளுக்குக் கயிறு எட்டுவதில்லை. அவர்களுக்காக அதனை எட்டிப் பிடிக்கவேண்டியவர் ஆசிரியர்.

'இது புறங்கூறுதல் ஆகாதா?' என்பது இரண்டாவது காரணம். திருக்குறளில் புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரமும் வாய்மைக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே அமைந்திருத்தல் காண்க. இரண்டும் ஒன்றனுக்கொன்று முரணாயின் இவ்வாறு அமைந்திருக்கமாட்டா. ஒருவரைப்பற்றி அவர் இல்லாதவிடத்து, கேட்பதற்குக் கடமையில்லாதவரிடம், சுவைக்காகப் பேசுதல் புறங்கூறல். தீங்கைத் தடுக்கும் கடமையுடையவரிடம், கண்டதைக் கண்டவாறு, ஒருமுறை தெரிவித்தல் வாய்மை. ஆசிரியர் அறையில் தேநீரோடு பேசிவிட்டு உரிய இடத்தில் வாய் மூடியிருப்பவரே இரண்டு அறங்களையும் ஒருங்கே இழந்தவர்.

'யாரிடமும் சொல்லாதீர்கள் என்று குழந்தை கெஞ்சுகின்றதே, அந்த நம்பிக்கையை முறிப்பதா?' என்பது மூன்றாவது. உள்ளத்தை உறுத்தும் கேள்வி இதுவே. குழந்தை வேண்டுவது மறைவையன்று, பாதுகாப்பையே. மறைத்தால்தான் பாதுகாப்பு என்று அதற்கு எவரோ கற்பித்திருக்கின்றனர். பெரும்பாலும் தீங்கிழைத்தவரே கற்பித்திருப்பார். அவர் இட்ட பூட்டுக்கு ஆசிரியரும் காவல் நிற்கலாமா? ஆகவே, 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று முதலிலேயே வாக்களித்தல் தகாது. 'உனக்கு உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன். நீ சொன்னது நல்ல காரியம். உன்மேல் தவறொன்றும் இல்லை' என்று மெய்யைச் சொல்லுதலே அன்பாகும்.

தெரிவிக்கும் முறை

ஐயம் தோன்றியவுடன் ஆசிரியர் துப்பறிவாளர் ஆகிவிடலாகாது. குழந்தையை மீண்டும் மீண்டும் கேட்டுத் துளைத்தலும், 'அவர்தானே செய்தார்?' என்று விடையை வாயில் ஊட்டுதலும் குழந்தையையும் வருத்தும், வழக்கையும் கெடுக்கும். குழந்தை சொன்னதை அதன் சொற்களிலேயே, தேதியிட்டு எழுதி வைத்தல் போதும். ஐயத்துக்குரியவரை அழைத்து விசாரித்தலும் தவறே. அதனால் குழந்தையின் வாய் மீண்டும் அடைபடும். பெற்றோரிடம் சொல்வதா என்பதைத் தீங்கு எங்கிருந்து வருகின்றது என்பதை நோக்கியே முடிவு செய்யவேண்டும்.

'தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன்; என் கடமை தீர்ந்தது' என்பாரும் உளர். தீரவில்லை. சட்டம் தகவலைக் காவல்துறைக்கே தெரிவிக்கச் சொல்கின்றது. நிறுவனங்கள் தம் பெயரையே முதலில் காத்துக்கொள்ளும் இயல்புடையன. 2024 ஆகஸ்டில் மும்பைக்கு அருகிலுள்ள பத்லாப்பூரில் மழலைப் பள்ளிச் சிறுமியர் இருவர் பள்ளிக்குள்ளேயே துன்புறுத்தப்பட்டனர் என்னும் செய்தி வெளியானபோது, மக்கள் இரயில் பாதையில் அமர்ந்து பல மணி நேரம் போக்குவரத்தையே நிறுத்தினர். மும்பை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கை ஏற்று விசாரித்தது. தெரிவிக்கத் தவறியமைக்காகப் பள்ளி நிர்வாகத்தினர்மீதும் வழக்குப் பதிவாயிற்று. அத்துணைப் பெரிய கொந்தளிப்புக்குப் பின்னரே விழித்துக்கொள்ளும் நிலை ஒவ்வொரு முறையும் நேரவேண்டுமா?

மறைக்கலாகாத இடர்கள்

தெரிவித்தவுடன் எல்லாம் நன்றாக முடிந்துவிடும் என்று நாம் கூறவில்லை. ஓராண்டுக்குள் வழக்கை இயன்றவரை முடிக்கவேண்டும் என்று சட்டம் கூறினும் பல வழக்குகள் அவ்வாறு முடிவதில்லை. வீட்டுக்கு வருவாய் தேடுபவரே குற்றவாளியாயின் அடுப்பு எரிவதற்கே வழியின்றிப் போகும். உறவினர் குழந்தையையே குறை கூறுவர். தெரிவித்த ஆசிரியை நிலையான வேலையற்றவராயின் அடுத்த ஆண்டு அவ்வேலை இருக்குமா என்பதும் ஐயமே. பதினாறு, பதினேழு வயதினர் ஒருவரையொருவர் விரும்பிப் பழகுவதையும் சட்டம் இதே கண்கொண்டு நோக்குவது முறைதானா என்னும் விவாதமும் அறிஞரிடையே நிகழ்கின்றது.

இவையனைத்தும் உண்மை. ஆயினும் இவை தெரிவிப்பதை விட்டுவிடுவதற்குக் காரணங்கள் ஆகா. தெரிவித்தவருக்கும் குழந்தைக்கும் நாம் துணை நிற்கவேண்டியதற்கே காரணங்கள் ஆகும். மருத்துவமனையில் கூட்டம் மிகுதி என்பதற்காக நோயாளியை வீட்டிலேயே விட்டுவிடுவார் உண்டோ?

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு

ஊரைவிட்டு வந்து வாழும் நம் குடும்பங்களுக்கு இவ்விடர் இரட்டிப்பாகும். ஊரிலே பாட்டி உண்டு, அத்தை உண்டு, எதிர்வீட்டுக் கிழவி உண்டு. குழந்தை ஒருவரிடம் சொல்லாததை மற்றொருவரிடம் சொல்லும். இங்கே நான்கு சுவருக்குள் மூன்று பேர். தாயும் தந்தையும் வேலைக்குச் செல்வோர். குழந்தை வீட்டில் தமிழ் பேசுகின்றது. தெருவில் இந்தியோ மராத்தியோ வங்காளமோ பேசுகின்றது. பள்ளியில் ஆங்கிலம் பேசுகின்றது. தனக்கு நேர்ந்த துன்பத்தைச் சொல்ல எம்மொழியில் அதற்குச் சொல் இருக்கின்றது? பள்ளிமொழியில் உடலுறுப்புகளின் பெயர் தெரியாது. தாய்மொழியில் அவற்றைச் சொன்னால் 'சீ' என்று அடக்குகின்றோம். நல்ல தொடுகை எது, தகாத தொடுகை எது என்பதைத் தமிழில், கூச்சமின்றி, நாமே சொல்லித் தருதல் தமிழ் கற்பித்தலின் ஒரு பகுதியாகவேண்டும்.

மற்றொன்று, மானம் பற்றியது. அயலூரில் 'நம்மவர்' என்னும் சொல்லுக்குத் தனி வலிமை உண்டு. நம்மவர் ஒருவர்மீது பழி வந்தால் அது தமிழர் அனைவர்மீதும் வந்ததாகவே கொதிக்கின்றோம். அன்று நாம் மனு எழுதியதும் அந்தக் கொதிப்பினால்தான். ஆனால் அச்சிறுமியும் நம்மவள்தானே? வீடு பிடித்துக் கொடுத்த பெரியவரை நம்மவர் என்று எண்ணிய நாம், பாய் சுருட்டிய குழந்தையை அவ்வாறு எண்ணத் தவறினோம். நம் மொழி அறியாத ஓர் ஆசிரியையே அவளைத் தம்மவளாகக் கொண்டார். ஓர் இனத்தின் மானம் அதன் பெரியோர் பெயரில் மட்டும் அடங்கியதன்று. அதன் குழந்தைகள் அச்சமின்றி வீடு திரும்புவதிலும் அடங்கியுள்ளது.

சங்கங்களும் இதனைத் தம் கடமையாக ஏற்றல் வேண்டும். தமிழ் வகுப்பும், இசை வகுப்பும், நடன வகுப்பும் நடத்துகின்றோம். குழந்தைகளோடு இடைவிடாது பழகும் நிறுவனங்கள் தம் ஊழியர் அனைவரையும் காவல்துறை வழியாகச் சரிபார்த்தல் வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு விதி. தொண்டு செய்ய வருபவரைச் சரிபார்ப்பது அவமதிப்பாகாது. நாமே முதலில் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கச் சித்தமாயுள்ளோம். 1098 என்னும் எண்ணைக் குழந்தைகள் கண்ணில் படும் உயரத்தில் வகுப்புச் சுவரில் எழுதி வைத்தல் வேண்டும். எந்தக் குழந்தையை யார் அழைத்துச் செல்வது என்பதைப் பெற்றோரிடம் எழுதி வாங்குதல் வேண்டும். குழந்தை அவருடன் போக மறுத்தால் அன்று அனுப்பாதிருத்தல் வேண்டும். அனைத்திற்கும் மேலாக, நம் பிள்ளைகளின் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஐயம் ஒன்றைத் தெரிவித்தார் என்று அறிந்தால், அவர்மீது மனு எழுதாதிருத்தல் வேண்டும். இயலுமாயின் நன்றி கூறி ஒரு கடிதம் எழுதலாம்.

அக்கடிதத்தை நாம் பிந்தித்தான் எழுதினோம். அதற்குள் அவ்வாசிரியை வேறு பள்ளிக்குச் சென்றுவிட்டார் என்று உறை திரும்பி வந்துவிட்டது. அது இன்றும் நம்மிடமே இருக்கின்றது.

ஞாயிறு வகுப்பை நாம் விட்டுவிடவில்லை. இப்போதிருக்கும் ஊரிலும் நடத்தி வருகின்றோம். வகுப்பு முடிந்து எல்லாப் பிள்ளைகளும் ஓடிய பின் ஒரு குழந்தை பாயைச் சுருட்டிக்கொண்டு தயங்கி நின்றால், அதன் தமிழார்வத்தை இப்போதெல்லாம் நாம் பாராட்டுவதில்லை. பக்கத்தில் அமர்ந்து, "என்னம்மா, வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லையா?" என்று கேட்கின்றோம். பெரும்பாலும் விடை எளியதாகவே இருக்கும். வீட்டில் கணக்குப் போடச் சொல்வார்கள் என்றோ, தம்பி அடிப்பான் என்றோ சொல்லும். சிரித்து அனுப்பிவிடுகின்றோம். என்றேனும் ஒருநாள் வேறு விடை வரக்கூடும். அன்று என்ன செய்யவேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை.